உம்மாவுக்கு என்ன போன் வாங்குவது?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க நேரமில்லாவிட்டால் சேவ் பண்ணி வைத்து இரவில் வாசியுங்கள். வீட்டில் வயதான உம்மா, வாப்பா இருக்கிறவர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறோம்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே ஆசிரியர்கள். குடியிருப்பது வெள்ளவத்தை, படிப்பிப்பது கொட்டாஞ்சேனைப் பக்கம். போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு தாய் எங்களை நிறுத்தினார். சீட்டுக் காசு விழுந்திருக்கிறதாம். தனியாக இருக்கும் தன் உம்மாவுக்கு ஒரு போன் எடுத்துக் கொடுக்கப் போகிறாராம். இருக்கிற பட்டன் போன் பழசாகிவிட்டது. "டீச்சர், டச் போன் ஒன்றே எடுத்துக் குடுக்கவா? இல்லாட்டி திரும்பவும் பட்டன் போன்தானா? உம்மாட வீட்டுல சிக்னலும் சரியா இல்ல" என்று கேட்டார்.

எங்களுக்கு பஸ் பிடிக்கும் அவசரம். "டச் போன் எடுங்க, எல்லாரும் வட்ஸ்அப்லதானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

புறக்கோட்டையில் இறங்கி, நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டி வருவதற்குள் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. பிழையாகச் சொல்லிவிட்டோம். வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை, நாங்கள் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்று எழுதுகிறோம்.

2019 ஏப்ரல் 21. பாடசாலைகளுக்கு விடுமுறை, அடுத்த நாள் இரண்டாம் தவணை தொடங்க இருந்தது. நாங்கள் வீட்டில் இருந்தோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்துவிட்டது என்று முதலில் கேள்விப்பட்டபோது நினைவுக்கு வந்தது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் முகங்கள்தான். ஞாயிறு பூசைக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். கோயில் கும்பிடும் பிள்ளைகளும்கூட செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் போய் மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்கள்தான். கொட்டாஞ்சேனையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோல் எடுத்தோம். லைன் போகவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தால் அப்படித்தான். வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் "எல்லாரும் சுகமா?" என்று போட்டோம். சிலருக்குப் போனது, சிலருக்குப் போகவில்லை. அன்றைக்கே அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. அதன் பிறகு ஒன்றுமே நகரவில்லை. ஏப்ரல் 30ஆம் திகதிதான் திறந்தார்கள்.

சரி, எஸ்.எம்.எஸ். அனுப்புவோம் என்று பார்த்தால் அப்போதுதான் எங்கள் பிழை தெரிந்தது. குரூப்பில் நம்பர்கள் இருந்தன. எந்த நம்பர் யாருடையது என்று தெரியவில்லை. ஒன்றில் ரோசாப்பூ படம், ஒன்றில் குழந்தை படம், ஒன்றில் மாதா படம், ஒன்றில் நடிகர் விஜய். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. வருடம் முழுக்க அந்தக் குரூப்பில் வீட்டுப்பாடம் போட்ட எங்களுக்கு நாற்பது வீட்டில் பத்து வீட்டின் நம்பரைக்கூட பெயரோடு சொல்லத் தெரியவில்லை. நம்பர் எழுதிய இடாப்பு பாடசாலை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு மூத்த டீச்சரிடம் பழைய டயரி ஒன்று இருந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், நம்பர் என்று பேனையால் எழுதி வைத்திருப்பார். நாங்கள் பகிடி பண்ணுகிற டயரி. பின்னேரம் எப்படியோ அவருக்கு லைன் கிடைத்தது. ஒவ்வொரு நம்பராக அவர் வாசிக்க, நாங்கள் எழுதினோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எஸ்.எம்.எஸ். போட்டோம். இரவு முழுக்க ஒன்று, இரண்டு என்று பதில் வந்தது. "சுகம் டீச்சர்." "நாங்க போகல்ல." "தம்பிக்கு காயம், ஆஸ்பத்திரியில." ஒரு வீட்டிலிருந்து மட்டும் மூன்றாம் நாள்தான் பதில். அவர்களுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீடுகளின் சாவீடுகளில் நின்றிருக்கிறார்கள்.

அந்த நாட்களில் எங்கள் பெயரிலிருந்து ஒரு "சுகமா?" போய்ச் சேர்வதற்கும் சேராமல் போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்குத் தெரியும். போகாமல் இருந்திருந்தால், தவணை தொடங்கிய பிறகு அந்தப் பெற்றோரின் முகத்தை எப்படிப் பார்த்திருப்போம் என்று இன்றைக்கும் நாங்கள் கதைத்துக்கொள்வதுண்டு.

முடக்கம் அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது ஒரு கிழமை வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் இல்லை. 2019 மே மாதம் நீர்கொழும்பில் பிரச்சினை வந்தபோதும், பிறகு வடமேல் மாகாணத்தில் எங்கள் கடைகளையும் பள்ளிகளையும் உடைத்தபோதும் திரும்பவும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கோடு சேர்த்து, பதினைந்து மணி நேரமளவில். அதாவது எங்களுக்குப் பயம் வருகிற நாளில், "எங்கே இருக்கிறீங்க?" என்று கேட்கத் தோன்றுகிற நாளில், முதலில் பூட்டுகிற கதவு அதுதான். முடக்குவது சரியா பிழையா என்பது வேறு விவாதம். வி.பி.என். போட்டால் போகும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எழுபது வயது உம்மாவுக்கு வி.பி.என். போட்டுக் கொடுக்க அந்த நேரம் யார் பக்கத்தில் இருக்கப் போகிறார்கள்?

இது அரசாங்கம் செய்வது. அல்லாஹ்வின் நாட்டப்படி வருகிற மழையும் காற்றும் வேறு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது எங்கள் ராத்தா கம்பளையில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் "தண்ணி ஏறுது" என்று ஒரு வொய்ஸ் மெசேஜ். அதன் பிறகு ஒன்றும் இல்லை. கோல் எடுத்தால் தொடர்புகொள்ள முடியாது என்ற அந்தக் குரல் மூன்று பாஷையிலும் மாறி மாறிச் சொன்னது. மண்சரிவில் கேபிள் அறுந்தது, கரண்ட் போனது, டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. மலையகம் முழுக்க அன்று இதுதான் கதை. அந்தப் புயலில் 600 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கொழும்பில் இருந்துகொண்டு பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போன் அடித்து அடித்து விரல் வலித்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். ராத்தாவின் சிம் எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அங்கே எந்தக் கம்பனியும் ஒழுங்காக எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு தெரியாத நம்பரிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். "நாங்க மேல பள்ளியில். எல்லாரும் சுகம். உம்மாட்ட சொல்லுங்க." இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ராத்தாவின் டச் போன் முதல் நாள் இரவே செத்துவிட்டதாம். மச்சானின் கடையில் கிடந்த பட்டன் போனை யாரோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சார்ஜ் இரண்டு கோடு மிச்சம். மேட்டுக்கு ஏறினால் ஒரு நிமிடம் சிக்னல் வரும், போகும். அந்த ஒரு நிமிடத்தில் போன மெசேஜ் அது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம் என்றால், எஸ்.எம்.எஸ். எப்படிப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோலுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் லைன் வேண்டும், கதைத்து முடியும் வரை அது நிற்க வேண்டும். வட்ஸ்அப்புக்கு டேட்டா வேண்டும், டேட்டாவுக்கு ஓரளவு நல்ல சிக்னல் வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஒரு நொடி போதும். போனும் டவரும் தங்களுக்குள் "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிற அந்தச் சின்னப் பாதையிலேயே அது போய்விடும். அந்தப் பக்கம் போன் ஓஃப் ஆகி இருந்தாலும் கம்பனியின் நிலையத்தில் வைத்திருந்து, திறந்ததும் கொடுப்பார்கள். சும்மா இல்லை, 2004 சுனாமியன்றும் கோல் போகாத இடங்களிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது.

சுனாமி என்றதும் இன்னொன்று. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் எங்கள் கிழக்குக் கரையில் முதல் அலை அடித்ததற்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் கல்முனைக்கும் ஒரு வரி போய்ச் சேர அந்த நேரம் தாராளம். சேரவில்லை. அதற்குப் பிறகு லேர்ன்ஏசியா என்ற கொழும்பு ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து 32 கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தின. கிராமத்துக்கு எச்சரிக்கை அனுப்ப எந்தச் சாதனம் நல்லது என்று பார்ப்பதற்கு. செய்மதி வானொலி, கைத்தொலைபேசி, வயரில்லாத வீட்டுத் தொலைபேசி, அலாரம் அடிக்கும் ஒரு பெட்டி என்று பல வகை. சில கிராமங்களுக்கு ஒன்று கொடுத்தார்கள், சிலவற்றுக்கு இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு சாதனத்தை மட்டும் நம்புவதைவிட, வெவ்வேறு வழியில் போகிற இரண்டைச் சேர்த்து வைப்பதுதான் நல்லது என்று தெரிந்தது. நாங்கள் இந்தப் பதிவில் சொல்ல வருவதும் அதுதான். ஆனால் பெரிய ஆய்வு நிறுவனத்தின் பாஷையில் இல்லை, உம்மாவின் தலைமாட்டில் வைக்கிற போனின் பாஷையில்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில்: முதலில் நல்ல பட்டன் போன் ஒன்று. காசு மிஞ்சினால் டச் போன். டச் போன் வந்தாலும் பட்டன் போனை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது.

உடனே மகள்மார் சண்டைக்கு வருவீர்கள். "கட்டாரில் இருக்கிற மகனின் முகத்தை உம்மா பட்டன் போனில் எப்படிப் பார்ப்பார்?" உண்மை. எங்கள் உம்மாவும் பேரப்பிள்ளைக்கு வீடியோ கோலில் சோறு ஊட்டுகிறவர்தான். இன்னொன்றும் உண்டு, இதை எழுதும்போதுதான் யோசித்தோம். எங்கள் உம்மாவின் வயதில் ஓதத் தெரியும், ஆனால் தமிழ் வாசிப்பது கஷ்டம் என்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எஸ்.எம்.எஸ். வெறும் எறும்பு வரிசை. வொய்ஸ் மெசேஜ் வந்த பிறகுதான் அவர்களும் "மெசேஜ் அனுப்புகிற" ஆட்களானார்கள். அதைப் பறிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டும் வேண்டும். பட்டன் போனில் 1ஐ அழுத்திப் பிடித்தால் மூத்த மகனுக்கு, 2ஐப் பிடித்தால் மகளுக்கு, 3ஐப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்கு என்று செட் பண்ணிக் கொடுங்கள். சில போன்களில் 1 வேறு வேலைக்கு இருக்கும், அப்படியானால் 2இலிருந்து தொடங்குங்கள். பக்கத்து வீட்டு நம்பர் கட்டாயம். கட்டாரில் இருக்கிற மகன் கதவைத் தட்ட முடியாது.

இப்போது சிக்னல். அந்தத் தாய் கேட்ட உண்மையான கேள்வி அதுதான், அதற்கு நாங்கள் பதிலே சொல்லவில்லை.

கம்பனிகளின் கவரேஜ் படத்தைப் பார்த்தால் கொழும்பு முழுக்க ஒரே நிறம். அந்தப் படம் வெளியே வெட்டவெளிக்கு. வெள்ளவத்தையில் ஏழு மாடி, எட்டு மாடி ஃபிளட் ஒன்றின் நடு அறையில், நாலு பக்கமும் கொங்கிரீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற உம்மாவுக்கு அது பொருந்தாது. மரைன் டிரைவ் பக்கம் பல்கனியில் நின்றால் நாலு கோடு, குசினிக்குள் போனால் ஒன்று, லிஃப்டுக்குள் ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனையில் வேறு மாதிரி. தோட்டங்களில் வீடு சின்னது, சுவர் ஒட்டி ஒட்டி, மேலே தகரம். தகரம் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகள் கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு ஒழுங்கை முனையில் குந்தியிருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2021இல் பதுளை மாவட்டத்து போஹிடியாவ கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறியது உலகச் செய்தியானது. கொழும்பு 13இல் ஒழுங்கை முனைக்கு நடந்த பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கடையில் "எந்த சிம் நல்லது?" என்று கேட்காதீர்கள். கடைக்காரர் தனக்குக் கொமிஷன் கூடினதைச் சொல்வார், அவர் மேல் பிழை இல்லை. மூன்று கம்பனி சிம் வைத்திருக்கிற மூன்று பேரை உம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உம்மா படுக்கிற இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு எல்லாரும் போன் பாவிக்கிற நேரத்தில் கோல் எடுத்துப் பாருங்கள். எது தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் உம்மாவின் சிம். குறைந்த அலைவரிசை சுவரைக் கடந்து உள்ளே வரும், கூடின அலைவரிசை வேகமானது ஆனால் சுவரில் தட்டுப்பட்டுக் களைத்துவிடும். 900இல் வேலை செய்யும் பழைய 2ஜீ பல வீடுகளில் குசினிக்குள்ளும் எடுப்பதற்கும், டேட்டா மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

மூன்று கம்பனி என்று சொன்னோம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு காலத்தில் ஐந்து இருந்தன. 1989இல் தெற்காசியாவிலேயே முதல் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய நாடு நாங்கள், அந்தச் செல்டெல் பிறகு டிகோ ஆகி, எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. எயார்டெலை 2024இல் டயலொக் எடுத்துக்கொண்டது. இப்போது டயலொக், மொபிட்டல், ஹட்ச் மூன்றுதான். ஆகவே உங்கள் போனில் 077 ஒன்றும் 075 ஒன்றும் போட்டுவிட்டு "எங்களிடம் இரண்டு கம்பனி சிம் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி. 072ம் 078ம் அப்படியே. வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றில் ஒரு கம்பனி, மற்றதில் வேறு கம்பனி என்று பிரித்துப் போடுங்கள். இதிலும் முழு நிம்மதி இல்லை. இரண்டு கம்பனியும் ஒரே டவரில் தொங்கலாம், ஒரே கரண்டில் ஓடலாம். டவருக்கு பெட்டரி உண்டு, சில மணி நேரம் தாங்கும். சிலதில் ஜெனரேட்டர் உண்டு, டீசல் இருந்தால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது, டீசலும் இல்லாதபோது, சிக்னல் கோடுகள் எப்படி ஒவ்வொன்றாக விழுந்தன என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஒன்று போய் ஒன்று இருக்கும் நாட்கள்தான் கூட. அந்த நாட்களுக்கு இது உதவும்.

வசதியுள்ளவர்கள் ஸ்டார்லிங்க் போடலாம், 2025 ஜூலையிலிருந்து இங்கேயும் கிடைக்கிறது. அதற்கும் கரண்ட் வேண்டும், வானம் தெரிகிற கூரை வேண்டும். தோட்ட வீட்டுக்கும் ஃபிளட்டின் மூன்றாம் மாடிக்கும் அது சரிவராது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. 2025 ஜனவரி 28க்குப் பிறகு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத புதுப் போன்கள் இங்கே நெட்வொர்க்கில் எடுக்காது. ஆகவே காசு கொடுக்க முன் *#06# அழுத்துங்கள், 15 இலக்கம் வரும். பெட்டியில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் போனில் ஐ.எம்.இ.ஐ. என்ற நாலு ஆங்கில எழுத்தையும் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள். டுபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்தது என்றாலும் பாருங்கள். முக்கியமாக அப்போதுதான் பாருங்கள்.

அடுத்தது தமிழ். கடையில் நின்றே அந்தப் போனுக்குத் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். மலிவுப் போன்கள் சிலதில் எழுத்துக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாக வரும். டித்வா நேரம் தமிழில் போதுமான எச்சரிக்கை வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. வருகிற எச்சரிக்கையும் பெட்டியாக வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தமிழ் எஸ்.எம்.எஸ்.ஸில் இன்னொரு சங்கடம். இங்கிலீஷ் எழுத்தென்றால் ஒரு மெசேஜுக்கு 160 இடம். தமிழென்றால் 70தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனி இடம் எடுக்கும். "வெள்ளவத்தை" எங்கள் கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்கு 10. "கொட்டாஞ்சேனை"யும் ஆறுதான், போனுக்கு 12. எழுபதைத் தாண்டினால் இரண்டாக உடைத்து இரண்டுக்குக் காசு எடுப்பார்கள், கெட்ட சிக்னலில் ஒரு துண்டு வந்து மற்றத் துண்டு வராமலும் போகும். எங்கள் பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவது சோம்பலால் மட்டும் இல்லை, பழைய எஸ்.எம்.எஸ். காலத்தின் சிக்கனமும் அதில் இருக்கிறது. தமிழ் ஆசிரியர்களாக எங்களுக்கு அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் சுருக்கமாக எழுதப் பழகினால் தமிழும் அடங்கும். "நாளை பாடசாலை இல்லை. மழை. மற்றவருக்கும் சொல்லவும்." எண்ணிப் பாருங்கள், 48. வகுப்பில் இதையே ஒரு பயிற்சியாகக் கொடுத்தோம்: 70 இடத்துக்குள் ஒரு அவசரச் செய்தி. பிள்ளைகள் எங்களைவிட நன்றாக எழுதினார்கள். ஒருவன் "உம்மா பயம் வேணாம் நான் மாமி வீட்டில்" என்று எழுதியிருந்தான். எங்கே, யாரோடு, எப்படி இருக்கிறான் என்ற மூன்றும் அதில் இருக்கிறது.

2ஜீ மட்டும் உள்ள பட்டன் போனா, 4ஜீ உள்ளதா என்றால், காசு கொஞ்சம் கூடினாலும் 4ஜீயில் கோல் எடுக்கக்கூடிய பட்டன் போன் நல்லது. சிங்கப்பூரில் 2017இலேயே 2ஜீயை நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் ஒரு நாள் வரும். டோர்ச் இருக்கட்டும். எஃப்.எம். ரேடியோ இருக்கட்டும். பெட்டரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

இனி, எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபப்படாமல் கேளுங்கள்.

எங்கள் வாப்பாவின் கூட்டாளி ஒருவர். ஐம்பது வருடச் சிநேகிதம் உள்ள இன்னொருவரின் ஜனாஸாவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று குடும்பத்தில் மனத்தாங்கலாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவரிடம் இருப்பது பட்டன் போன். அறிவித்தல் வட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போயிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருந்தவர், அடக்கி முடிந்த பிறகு அஸருக்குப் பள்ளிக்கு வந்து கேள்விப்பட்டிருக்கிறார். பள்ளி நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை, நாங்களும் பாடசாலையில் அதையேதான் செய்கிறோம். குரூப்பில் போட்டுவிட்டால் ஊருக்கே சொல்லிவிட்டோம் என்று நினைக்கிறோம். குரூப்பில் இல்லாதவர் யார் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. இல்லாதவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருக்கும் விதவைகள், போன் ஒன்று மட்டும் உள்ள வீடுகள்.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லாத காலத்தில், காலி வீதியில் கொமியூனிகேஷன் கடைகளுக்கு முன்னால் சனம் காத்துக்கொண்டு நின்றது எங்கள் சின்ன வயது ஞாபகம். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் கோல் வரும். கடைக்காரப் பையன் லொட்ஜுக்கு ஓடிப்போய், "அன்ரி, உங்களுக்கு மகன் லைன்ல" என்று கூட்டிக்கொண்டு வருவான். ஆளைத் தெரியும், எந்த அறை என்று தெரியும். இப்போது குரூப்பில் 256 பேர் இருக்கிறார்கள், எந்த அறை என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் எங்கள் வகுப்பில் ஆரம்பித்திருப்பது சின்ன விஷயம். ஒரு தாளில் பிள்ளையின் பெயர், வீட்டில் இருக்கும் இரண்டு நம்பர், அதில் எது பட்டன் போன், பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று. பேனையால் எழுதியது. ஒன்று பாடசாலையில், ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று அந்த டயரி டீச்சரிடம். ஒரு வீட்டுக்குத் தெரிந்ததும் அடுத்த இரண்டு வீட்டுக்கு அவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இரவு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்தோம். அடுத்த நாள் காலைக்குள் முக்கால்வாசி வீட்டிலிருந்து பதில் வந்தது. மிச்சக் கால்வாசியில் பாதி நம்பர் மாறிப்போயிருந்தது, ரீலோட் போடாமல் விட்டு சிம் செத்துப் போனதும் இருந்தது. சிம் சாகாமல் இருக்க அவ்வப்போது கொஞ்சம் ரீலோட் போட்டு ஒரு கோலாவது எடுத்து வையுங்கள். தாளின் அடியில் 117, 119, 1990 மூன்றையும் எழுதியிருக்கிறோம். அனர்த்த முகாமைத்துவ நிலையம், பொலிஸ், அம்பியூலன்ஸ்.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு அந்தத் தாயைத் தேடிப்பிடித்து, பிழையாகச் சொல்லிவிட்டோம், முதலில் பட்டன் போன் எடுங்கள் என்று சொன்னோம். சிரித்தார்.

"நேத்தே எடுத்திட்டன் டீச்சர். நீங்க சொன்னதுதானே."

பழைய பட்டன் போன்?

"அதக் கடையில குடுத்தா ஆயிரம் ரூபா குறைச்சாங்க."

என்ன சொல்வது. வீட்டுக்கு வந்து லாச்சியைக் கிளறினோம். வாப்பாவின் நோக்கியா 1100 இருக்கிறது, டோர்ச் உள்ளது, மேலே உறை கிழிந்தது. பெட்டரி ஊதிப்போய்விட்டது. அந்த பி.எல். 5சி பெட்டரி வெள்ளவத்தையில் இன்னும் கிடைக்கிறது, பின்னேரம் வாங்கிப் போட்டோம். தமிழ் எடுக்காது, பெட்டியாகத்தான் வரும். ஆனால் கோல் எடுக்கிறது, எங்கள் குசினிக்குள்ளேயே எடுக்கிறது. 2இல் அந்தத் தாயின் நம்பரைப் போட்டாயிற்று. 3க்கு உம்மாவின் பக்கத்து வீட்டு நம்பர் வேண்டும். திங்கட்கிழமை கேட்க வேண்டும்.